விமான ப்ரொப்பல்லரைக் கையால சுத்தி ஸ்டார்ட் பண்றவங்களுக்கு: மூணு வகை சக்கரக் கட்டை, ஒரு வால் கயிறு, நேர்மையான ரிவ்யூ

முடிவை முதல்லயே சொல்லிடறேன், அவசரத்துல இருக்கறவங்க இதோட கிளம்பிடலாம். கட்டைன்னா விமானம் நகராம இருக்க சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கறது, வால் கயிறுன்னா வாலைத் தரையோட கட்டி வைக்கறது. மடக்குற அலுமினியம் கட்டை பாக்க அம்சமா இருக்கு, பையோட வருது, ஆனா இஞ்சின் ஸ்டார்ட் பண்றப்ப அதை நம்பிடாதீங்க, 5க்கு 1. கெட்டி ரப்பர் கட்டை, கயிறு போட்டு ஜோடியா வர்றது, 5க்கு 4, கொறச்ச ஒரு மார்க் அந்த நாத்தத்துக்கும் அது கூட குடுத்த கயித்துக்கும். ஆசாரிகிட்ட சொல்லி அறுத்து வாங்குன மரக்கட்டையும் 4. இது மூணுக்கும் மேல வால் கட்டுற கயிறு, அதுக்கு 5. கட்டை இல்லாம கூட சமாளிப்பேன், வால் கயிறு இல்லாம ப்ரொப்பல்லர்ல கை வைக்க மாட்டேன், அவ்வளவுதான் மேட்டர்.

இனிமே விவரம் வேணுங்கறவங்களுக்கு. நாங்க நாலு பேர் பங்கு போட்டு ஒரு பழைய பைப்பர் ஜே-3 கப் வச்சிருக்கோம், சிட்னிக்கு வெளிய ஒரு சின்ன ஏர்ஃபீல்டுல நிக்குது. கப்புங்கறது 1938லேர்ந்து 1947 வரைக்கும் அமெரிக்காவுல பென்சில்வேனியா பக்கம் லாக் ஹேவன்ங்கற ஊர்ல செஞ்ச விமானம், கிட்டத்தட்ட 20,000 வெளிய வந்துச்சு. 65 குதிரைசக்தி கான்டினென்டல் இஞ்சின், ரெண்டு பேர் முன்னாடி பின்னாடி உக்காரலாம், தனியா ஓட்டுனா பின் சீட்ல உக்காந்துதான் ஓட்டணும். பெட்ரோல் கேஜுன்னு பாத்தா டேங்க் மூடியில குத்திட்டு நிக்கற ஒரு கம்பி, அடியில ஒரு கார்க், கார்க் எறங்க எறங்க கம்பியும் எறங்கும், இதுக்கு மேல சிம்பிளா ஒரு மீட்டர் உலகத்துல கிடையாது. பேட்டரி கிடையாது, செல்ஃப் மோட்டார் கிடையாது, அதனால ஒவ்வொரு தடவையும் ஒரு ஆள் முன்னாடி நின்னு ப்ரொப்பல்லரைக் கையால இழுத்து விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.

பேட்டரி இல்லாம எப்படி ஸ்பார்க் வரும்னு நம்ம ஊர் ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கேக்கற கேள்வி. மேக்னெட்டோன்னு ஒண்ணு இருக்கு, ப்ரொப்பல்லர் சுத்துனா உள்ள காந்தமும் சுத்தும், அதுலயே கரண்ட் உண்டாகி பிளக்குல ஸ்பார்க் அடிக்கும், வெளிய இருந்து எதுவும் வேண்டாம். சுவிட்சை ஆஃப் பண்ணா என்ன நடக்குதுன்னா அந்த மேக்னெட்டோவை ஒரு ஒயர் வழியா எர்த் பண்ணி வைக்குது, வேற ஒண்ணும் இல்ல. அந்த ஒயர் அறுந்துச்சுன்னா, இல்ல சுவிட்சுக்குள்ள தேஞ்சு போச்சுன்னா, நீங்க ஆஃப்னு நெனச்சுட்டு நிக்கற இஞ்சின் உண்மையில ஆன்லதான் இருக்கு, சும்மா ப்ரொப்பல்லரை ஓரமா தள்ளி வைக்கலாம்னு தொட்டாக்கூட பத்திக்கும். அதனாலதான் பழைய ஆளுங்க நின்ன ப்ரொப்பல்லரைக் கூட குறுக்கால கடக்க மாட்டாங்க. கப்புல பிரேக்கும் சும்மா பேருக்குத்தான், குதிகாலால அமுக்கற சின்னச் சின்ன பெடல், உள்ள ஆள் உக்காந்து மிதிச்சாத்தான் பிடிக்கும், கார் மாதிரி ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு எறங்கற கதையெல்லாம் இல்ல.

இப்ப ஏன் திடீர்னு கட்டை வாங்கக் கெளம்புனோம்ங்கறதுக்கு வர்றேன். போன குளிர்காலம் ஒரு காலைல எங்க ஷெட்டுக்குக் கொஞ்சம் தள்ளி இருக்கற ஒருத்தர், பேரு வேண்டாம், எங்களை விட ரொம்ப அனுபவசாலி, அவரோட ரெண்டு சீட் விமானத்தைத் தனியா நின்னு ஸ்டார்ட் பண்ணிட்டு இருந்தாரு. குளிர்ல இஞ்சின் பிடிக்கல. பிரைமர் அடிச்சு, அதாவது இஞ்சினுக்குள்ள கொஞ்சம் பெட்ரோலைப் பம்ப் பண்ணி பாத்தாரு, இழுத்தாரு, பிடிக்கல, உள்ள கைய விட்டு த்ராட்டிலை, நம்ம கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி, கொஞ்சம் முன்னாடி தள்ளினாரு, மறுபடி வந்து இழுத்தாரு, பிடிக்கல, இன்னும் கொஞ்சம் தள்ளினாரு. நாங்க அந்தப் பக்கம் டீ ஃப்ளாஸ்க்கை வச்சுட்டு பாத்துட்டு இருக்கோம். அடுத்த இழுப்புல பிடிச்சுச்சு பாருங்க, சாதாரணமா மெதுவா டக்டக்குன்னு ஓட வேண்டிய இஞ்சின் ஒரே ஒரு உறுமல்ல ஏறிடுச்சு. முன்னாடி கான்கிரீட்டு, ராத்திரி பனி இறங்கி ஈரமா இருந்துச்சு, அவரு போட்டிருந்தது மடக்குற அலுமினியம் கட்டை. இடது சக்கரக் கட்டை அப்படியே சறுக்கிட்டு வெளிய வந்துடுச்சு, வலது கட்டை மட்டும் நின்னுச்சு, அதனால விமானம் நேரா போகாம வலது சக்கரத்தையே மையமா வச்சு வலது பக்கமா வட்டம் அடிக்க ஆரம்பிச்சுது. அவரு ஓடிப் போயி வலது பக்க ஸ்ட்ரட்டை, அதாவது இறக்கையைத் தாங்கற கம்பியை, பிடிச்சாரு, எல்லாரும் அனிச்சையா செய்யறதுதான், ஆனா ஒரு பக்கத்தைப் பிடிச்சு இழுத்தா அது இன்னும் வேகமாத்தான் திரும்பும். அப்புறம் வலது கட்டையும் கழண்டுச்சு. நின்னுட்டு இருந்த ஒரு டிரெய்லர்ல போயி ப்ரொப்பல்லர் அடிச்சு மரத்துண்டு நாலாபக்கமும் பறந்து, இடது இறக்கை நுனி ஷெட் கம்பத்துல இடிச்சு, இஞ்சின் நின்னுச்சு. யாருக்கும் ஒண்ணும் ஆகல, டிரெய்லருக்குப் பின்னாடி அப்ப யாரும் இல்ல, அது ஒண்ணுதான் நல்ல விஷயம்.

பாக்கறதுக்கு சின்ன சேதம்தான். இறக்கை நுனி, ஒரு மர ப்ரொப்பல்லர். ஆனா செலவு அங்க இல்ல. ப்ரொப்பல்லர் ஓடிட்டு இருக்கறப்ப எதுலயாவது அடிச்சு நின்னுச்சுன்னா அந்த அதிர்ச்சி நேரா இஞ்சினோட நடு அச்சு, கிராங்க் ஷாஃப்ட்டுக்குப் போகும், கான்டினென்டல் கம்பெனியோட சர்வீஸ் புல்லட்டினே இஞ்சினைக் கழட்டிப் பிரிச்சுப் பாருன்னுதான் சொல்லுது. இன்னொரு கம்பெனியான லைகமிங் இஞ்சின்னா அமெரிக்க விமானத் துறை அமைப்பு எஃப்ஏஏ 2004ல ஒரு கட்டாய உத்தரவே போட்டிருக்கு, கிராங்க் ஷாஃப்ட் பின்பக்க கியரைத் தொறந்து பாத்தே ஆகணும்னு. பழைய விமானத்துல சில சமயம் இஞ்சினைப் பிரிக்கற செலவு விமானத்தோட பாதி விலைக்கு வந்து நிக்கும், இன்ஷூரன்ஸ் இல்லாதவங்க அப்படியே ஷெட்ல வச்சு தார்ப்பாய் போட்டு மூடிடறாங்க. இன்னொரு கூத்து, அமெரிக்காவுல விபத்தை விசாரிக்கற என்டிஎஸ்பி அமைப்போட விதிப்படி தரையில ப்ரொப்பல்லர் அடிபட்டதும், இறக்கை நுனி, டயர், பிரேக் போனதும் 'பெரிய சேதம்'ங்கற கணக்குலயே வராது. அதனால இந்த மாதிரி சம்பவம் நிறைய ரிப்போர்ட்டுக்கே போகாம ஏர்ஃபீல்டு டீக்கடைப் பேச்சோட முடிஞ்சுடும்.

சரி கட்டைக்கு வருவோம். அவரு வச்சிருந்த அதே டைப் மடக்குற கட்டை எங்க கிட்டயும் ஒரு செட் இருந்துச்சு, எங்க குரூப்ல ஒருத்தர் ஆன்லைன்ல போட்டோ பாத்து மயங்கி வாங்குனது. ரெண்டு அலுமினியம் குழாய், நடுவுல ஆணி மாதிரி ஒரு பின், மடக்குனா ஒரு குடை சைஸுக்கு வந்துடும், கறுப்புப் பை, பைல பேர் எழுத ஒரு சீட்டு கூட வச்சிருக்கான். எடை ஒண்ணுமே இல்ல. கப்புல சாமான் வைக்கற இடத்துல மொத்தமே 20 பவுண்டு, அதாவது 9 கிலோதான் வைக்கலாம், அதனால இந்த மாதிரி லேசான ஐட்டத்தைப் பாத்தா கை துறுதுறுங்கும், அது எனக்கும் புரியுது. ஆனா பெட்டிக்குள்ள மடிச்சு வச்ச காகிதத்துல பொடி எழுத்துல என்ன போட்டிருக்கான்னு யாரும் படிக்கல. நிறுத்தி வைக்கறதுக்கு மட்டும், இஞ்சின் ஓடறப்ப பயன்படுத்த வேண்டாம்னு தெளிவா போட்டிருக்கான். அதை வெப்சைட்ல பெருசா போட்டிருந்தா ஒருத்தனும் வாங்கிருக்க மாட்டான்ங்கறது வேற விஷயம்.

அந்த சம்பவத்துக்கு அப்புறம் நாங்க அதை ஒரு தடவை ஒழுங்கா சோதிச்சு பாத்தோம். வாலை தரைல இருக்கற வளையத்துல கட்டிட்டு, உள்ள ஒரு ஆள் உக்காந்து பிரேக்கைத் தொடாம, கட்டையை மட்டும் நம்பி மெதுவா த்ராட்டிலை ஏத்துனோம். ஐடில்ல, அதாவது இஞ்சின் மெதுவா சும்மா ஓடறப்ப, நிக்குது. மேக்னெட்டோ செக் பண்ற 1500 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு 1500 சுத்து) வர்றதுக்கு முன்னாடியே கான்கிரீட்ல க்ரீச்னு சத்தம் போட்டு நகர ஆரம்பிச்சுடுச்சு, வால் கயிறு விறைச்சு நின்னுச்சு, அவ்வளவுதான் சோதனை முடிஞ்சுது. புல்தரைல கொஞ்சம் பரவால்ல, அடில இருக்கற முள்ளு மண்ணுல இறங்குது. எங்க யாழ்ப்பாணத்து அண்ணை, எங்க குரூப்லயே மூத்தவர், அதைக் கையில தூக்கிப் பாத்துட்டு சொன்னாரு: "தம்பி, உது விளையாட்டுச் சாமான். உதை நம்பி நான் ப்ரொப்பல்லரிலை கை வைக்கமாட்டன்." அதோட அது ஷெட் மூலைக்குப் போயிடுச்சு, இப்ப பெயிண்ட் டப்பா வைக்க உதவுது.

இங்க ஒரு விஷயம், கட்டை தோத்துப் போறதுக்கு எல்லாரும் நெனைக்கற காரணம் சக்கரம் அது மேல ஏறிடும்னு. 65 குதிரைசக்தி இஞ்சின் நின்ன இடத்துல இழுக்கற இழுப்பு கப்போட எடையை விடக் கம்மி, அதனால ஓரளவு ஒசரமான கட்டை சக்கரத்தை ஒட்டி இருந்தா அது மேல அலுங்காம ஏற முடியாது. நடக்கறது ரெண்டு. ஒண்ணு கட்டையே சறுக்கறது, லேசான உலோகம், ஈரத் தரை, பிடிப்பு எங்க இருந்து வரும். இன்னொண்ணு, கட்டைக்கும் டயருக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி விட்டு வைக்கறது. அந்த இடைவெளில விமானம் கொஞ்சம் வேகம் எடுத்து வந்து மோதும், நின்ன எடத்துல தள்ளறதும் ஓடி வந்து தள்ளறதும் ஒண்ணா? நம்ம ஊர்ல மேட்டுல லாரிய நிறுத்துனா கிளீனர் பையன் கல்லை டயரோட ஒட்டி வச்சு காலால ஒரு உதை உதைச்சு இறுக்கிட்டுத்தான் நிமிருவான், அதே மாதிரி இங்கயும் டயரோட ஒட்டி இறுக்கி வைக்கணும், ரெண்டு சக்கரத்துக்கும் வைக்கணும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் வச்சா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன், வட்டம்தான்.

"பிரேக் இருக்குல்ல, எதுக்குங்க இந்தக் கட்டையெல்லாம்"னு கேக்கறவங்களுக்கு சிட்னிக்காரங்க ஒரு கதை வச்சிருக்காங்க, கதை இல்ல, நெஜமாவே நடந்தது. 1955 ஆகஸ்ட் 30, பேங்க்ஸ்டவுன் ஏர்போர்ட். ஒருத்தர் ஒரு சின்ன ஆஸ்டர் விமானத்தை வாடகைக்கு எடுத்து லேண்டிங் பழகிட்டு இருந்தாரு, தரைல இஞ்சின் நின்னு போச்சு, எறங்கி வந்து கையால சுத்தி விட்டாரு, பிடிச்சுது, விமானம் ஆள் இல்லாம ஓடி அதுவா மேல கிளம்பிடுச்சு. சிட்னி மேல பாட்டுக்கு வட்டம் போட்டுட்டே ஏறிட்டு இருக்கு, கீழ முழு நகரம். ஏர்ஃபோர்ஸ்காரங்க ஒரு விர்ராவே விமானத்துல பிரென் கன்னுங்கற மெஷின் கன்னைத் தூக்கிட்டு பின்னாடி போனாங்க, ஒண்ணும் பலிக்கல. மீட்டியர் ஜெட் போச்சு, அதுக்கும் முடியல. கடைசில நேவியோட ரெண்டு சீ ஃப்யூரி போர் விமானம் வந்து கடலுக்கு மேல வச்சு சுட்டு வீழ்த்துச்சு. கிட்டத்தட்ட மூணு மணி நேரம் ஒரு துணி போத்துன குட்டி விமானம், ஆளே இல்லாம, ரெண்டு படைக்கு டிமிக்கி குடுத்திருக்கு. 1997ல அமெரிக்காவுல ஒஹாயோ மாகாணம் அர்பானாவுல ஒரு ஏரோன்கா சாம்ப் இதே மாதிரி கையால சுத்துன கையோட ஓனரைத் தரைல விட்டுட்டு பறந்து போயி, பெட்ரோல் தீர்ற வரைக்கும் பறந்துட்டுத்தான் விழுந்துச்சு. இந்த மாதிரி இறக்கை மேல இருக்கற லேசான விமானம் எல்லாம் தானா பறக்கறதுல கெட்டிக்காரங்க, ட்ரிம், அதாவது கையை எடுத்தாலும் நேரா பறக்க வைக்கற செட்டிங், சரியா இருந்தா பைலட்டே தேவையில்லன்னு நிரூபிக்க எப்பவும் ரெடி.

ரெண்டாவதா வாங்குனது கெட்டி ரப்பர் கட்டை. முக்கோணமா, முழு ரப்பர், பழைய டயரை அரைச்சு அச்சுல போட்டு செஞ்சதுன்னு நெனைக்கறேன், பிரிச்ச அன்னைக்கு காருக்குள்ள வச்சுட்டு வந்ததுக்கு வீட்டுல திட்டு வாங்குனேன், அந்த நாத்தம் ஒரு மாசம் போகல. ஒரு ஜோடி சுமார் 5 கிலோ வரும், 60 டாலருக்குள்ள. ஈரக் கான்கிரீட்ல வச்சு அதே சோதனை பண்ணோம், மேக்னெட்டோ செக் ஆர்பிஎம்ல நகரல, ரப்பர் கொஞ்சம் நசுங்குச்சு, அவ்வளவுதான். ப்ரொப்பல்லர் காத்து அடிச்சாலும் பறக்காது, லேசான கட்டை பக்கத்து விமானத்தோட காத்துல உருண்டு போனதை நான் பாத்திருக்கேன். மஞ்சக் கலர், ரெண்டு பக்கம் ஒளிரும் டேப் ஒட்டி இருந்துச்சு, அந்த டேப் முதல் மழைக்கே உரிஞ்சு வந்துடுச்சு. ஜோடியை இணைக்க ஒரு கயிறு குடுத்தான், பாலிப்ரொப்பிலீன் ஊதாக் கயிறு, வெயில்ல கெடந்தா பொடிப்பொடியா உதிரும்ங்கறது எல்லாருக்கும் தெரியும், ஆஸ்திரேலியா வெயிலுக்கு ஒரு சீசன் தாங்காது. கடைக்காரனுக்கு மெயில் போட்டேன், ரெண்டு நாள்ல பதில் போட்டு வேற கயிறு அனுப்பிட்டான், காசு கேக்கல, அதுக்கு ஒரு நன்றி. ஆனா அனுப்புனதும் அதே கயிறுதான்! நாங்களே பாலியெஸ்டர் கயிறு வாங்கி மாத்திக்கிட்டோம்.

அந்தக் கயிறு அலங்காரத்துக்கு இல்லைங்க, உயிர் விஷயம். இஞ்சின் ஓட ஆரம்பிச்சதும் கட்டையை எடுக்கணும், ப்ரொப்பல்லர் சுத்தறப்ப கண்ணுக்கே தெரியாது. குனிஞ்சுட்டு முன்னாடி இருந்தோ பக்கவாட்டுல இருந்தோ கட்டையை நோக்கிப் போகவே கூடாது, ப்ரொப்பல்லருக்குப் பின்னாடி இருந்துதான் போகணும், எஃப்ஏஏவோட விமானம் ஓட்டற கைடுலயே இதை அழுத்திப் போட்டிருக்கான். நீளமான கயிறு இருந்தா இறக்கைக்குக் கீழ பின்னாடி நின்னு இழுத்துக்கலாம், சக்கரத்துக்கிட்டயே போக வேண்டாம். ரப்பர் கட்டைல கயிறு கோக்கற ஓட்டை பெருசா இருக்கான்னு வாங்கறப்பவே பாருங்க, சிலதுல சுண்டு விரல் தடிமன் கயிறு கூட நுழையாது.

இதோட ஒரே பிரச்சினை எடை. 9 கிலோ சாமான் அளவுல 5 கிலோவை கட்டைக்கே குடுத்துட்டா மாத்துத் துணிக்கும் தண்ணி பாட்டிலுக்கும் எங்க போறது. அதனால வெளியூர் போறப்ப எடுத்துட்டுப் போக மூணாவது செட், மரம். கடைல வாங்கல, எங்க ஏரியா மரக்கடை ஆசாரி ஒருத்தர்கிட்ட அளவு குடுத்து கெட்டி மரத்துல அறுத்து வாங்குனோம், அடிப்பக்கம் பழைய கார் டயர் துண்டை ஸ்க்ரூ போட்டு இறுக்கியாச்சு, மேல மஞ்சள் பெயிண்ட். எடை ரப்பருல பாதி கூட இல்ல. அடில ரப்பர் இல்லாம வெறும் மரத்தை ஈரக் கான்கிரீட்ல வைக்காதீங்க, சோப்பு மாதிரி போகும். பிடிப்பு ரப்பருக்கு ஒரு படி கம்மி, ஆனா வால் கயிறு கூட சேந்தா தாராளமா போதும். ஒண்ணு மட்டும் அண்ணை கண்டுபிடிச்சு சொன்னாரு, ஒசரம் ரொம்பக் கம்மியா அறுத்துட்டான், "இன்னும் ரெண்டு இஞ்சி ஏத்தி வெட்டச் சொல்லும்" னாரு. கப்பு டயர் பெருத்த பலூன் டயர், காத்து கம்மியா இருக்கும், சின்னக் கட்டைன்னா டயர் அது மேல அப்படியே பொதிஞ்சு போயிடும். ரெண்டாவது தடவை ஒசரமா வெட்டி வாங்கினதுக்குத்தான் இந்த 4 மார்க்.

இப்ப வால் கயிறு. இதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. கப்பு, சாம்ப், ஆஸ்டர் எல்லாம் வால் சக்கர விமானம், வாலைப் பின்னாடி கட்டி வச்சா முன்னாடி என்ன இழுத்தாலும் அது எங்கயும் போகாது, வட்டமும் அடிக்காது. தரைல சிமெண்ட்ல பதிச்ச வளையம் இருந்தா அதுல கட்டலாம், வெளியூர்ல திருகுற கம்பி ஆணி எடுத்துட்டுப் போகணும், மணல் தரைன்னா அந்த ஆணியையும் இழுத்துப் பாத்துட்டுத்தான் நம்பணும். கயிறு வகைல நாங்க பட்டது: நைலான் பலமா இருக்கு ஆனா நீளுது, இஞ்சின் பிடிச்சதும் விமானம் ஒரு அடி முன்னாடி வந்துதான் நிக்குது, முன்னாடி நிக்கறவனுக்கு அந்த ஒரு அடிதான் எல்லாமே. பாலியெஸ்டர் அவ்வளவு நீளல. பழைய காலத்து மணிலா சணல் கயிறு நனைஞ்சா சுருங்கும், காய்ஞ்சா தளரும், வேண்டாம். முடிச்சு ஒரு இழுப்புல அவிழற மாதிரி போடத் தெரியணும், இஞ்சின் ஓடறப்ப வாலுக்குப் பின்னாடி உக்காந்து ப்ரொப்பல்லர் காத்துல கண்ணைச் சுருக்கிட்டு இறுகின முடிச்சை நகத்தால பிரிச்சவங்களுக்குத் தெரியும். சில பேர் கிளைடர் இழுக்கற கொக்கி இருக்குல்ல, அதை வால்ல மாட்டி ஒரு கம்பி வழியா காக்பிட்ல இருந்தே விடுவிக்கற மாதிரி வச்சிருக்காங்க. தனியா பறக்கறவங்களுக்கு இதை விட நல்ல ஏற்பாடு கிடையாது, கயித்தைப் போட்டு ஸ்டார்ட் பண்ணி, உள்ள ஏறி உக்காந்து பெல்ட்டும் போட்டுட்டு, நிதானமா கைப்பிடியை இழுத்தா வால் விடுபடும். ஆனா இது கடைல வாங்கி நாமளே மாட்டற ஐட்டம் இல்ல, லைசன்ஸ் உள்ள எஞ்சினியர் பாத்து கையெழுத்துப் போடணும், அந்தப் பேப்பர் செலவு கொக்கி செலவை விட ஜாஸ்தி. எங்க குரூப்ல இன்னும் பேச்சுவார்த்தை ஓடிட்டு இருக்கு.

கட்டையும் கயிறும் இருந்தாலும் உள்ள ஒரு தெரிஞ்ச ஆள் உக்காந்திருக்கணும், தெரிஞ்ச ஆள்னா விமானம் ஓட்டத் தெரிஞ்ச ஆள், "மச்சான் சும்மா இதை அமுக்கிட்டு உக்காரு" கேஸ் இல்ல. அமெரிக்க கைடுல போட்டிருக்கற முறை, வெளிய நிக்கறவர் பெட்ரோல் ஆன், சுவிட்ச் ஆஃப், த்ராட்டில் மூடியிருக்கு, பிரேக் பிடிச்சாச்சுன்னு சொல்லணும், உள்ள இருக்கறவர் ஒவ்வொண்ணையும் கண்ணால பாத்து திருப்பிச் சொல்லணும், வெளிய இருக்கறவர் ப்ரொப்பல்லரைப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளி பிரேக் நெசமாவே பிடிச்சிருக்கான்னு பாக்கணும், அப்புறம்தான் கான்டாக்ட், அதாவது சுவிட்ச் ஆன். கையை விரிச்சு உள்ளங்கையால இழுக்கணும், விரலை பிளேடுக்குப் பின்னாடி மடக்கக் கூடாது, இழுத்த வேகத்துல உடம்பு பின்னாடி போற மாதிரி நிக்கணும். ஈரப் புல், சேறு, ஜல்லி, எண்ணெய் சிந்துன தரைன்னா விமானத்தை வேற இடத்துக்குத் தள்ளிட்டு ஆரம்பிங்க. தொங்கற துப்பட்டா, மஃப்ளர், கழுத்து ஐடி கார்டு எல்லாம் கழட்டிடணும். பழைய டைகர் மாத்ங்கற பிரிட்டிஷ் விமானத்துல பிரேக்கே கிடையாது, கட்டைதான் எல்லாம், அதனாலயோ என்னவோ மேக்னெட்டோ சுவிட்சையே காக்பிட்டுக்கு வெளிய வச்சுட்டான், முன்னாடி நிக்கறவன் கண்ணால பாத்துக்கலாம், செஞ்ச மகராசன் நல்லா இருக்கட்டும். அதோட இஞ்சின் அமெரிக்க இஞ்சினுக்கு எதிர்ப்பக்கமா சுத்தும், கப்புல பழகுன கையோட போயி டைகர் மாத்ல நிக்காதீங்க, நிக்கற பக்கமே மாறும்.

சாவி போட்டு ஸ்டார்ட் பண்ற செஸ்னா 172 வச்சிருக்கவங்க இதெல்லாம் நமக்கில்லன்னு நெனைக்க வேண்டாம். த்ராட்டில் கால் இஞ்சு தொறக்கணும்ங்கற எடத்துல ஒரு இஞ்சு தொறந்து வச்சு, குனிஞ்சு செக்லிஸ்ட் பாத்துட்டே சாவிய திருப்புனா, பிரேக் தேஞ்சிருந்தா, அதுவும் எகிறும். சாவி சுவிட்சுலயும் கோளாறு வரும், பென்டிக்ஸ் கம்பெனி சுவிட்ச், சாவியை ஆஃப்ல வச்சாலும் மேக்னெட்டோ எர்த் ஆகாம போறதுக்காக 1976லயே எஃப்ஏஏ உத்தரவு போட்டு, 100 மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐடில்ல வச்சு ஆஃப் பண்ணிப் பாருன்னு சொல்லிருக்கு. நாங்க கப்புல நிறுத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் ஐடில்ல ஒரு நொடி ஆஃப் பண்ணி இஞ்சின் தடுமாறுதான்னு பாத்துக்கறோம், காசு செலவில்லாத சோதனை. செல்ஃப் எடுக்கலன்னா பேட்டரி சார்ஜ் போடுங்க, இல்ல மெக்கானிக்கைக் கூப்புடுங்க, யூட்யூப் பாத்துட்டு முன்னாடி போயி ப்ரொப்பல்லரை சுத்தாதீங்க.

கடைசியா சைஸ். ரப்பர் கட்டை ரெண்டு மூணு சைஸ்ல வருது. கப்புக்கும் சாம்புக்கும் பெரிய சைஸ் எடுங்க. 172ல சக்கரத்துக்கு மேல அந்த ஃபைபர் கவசம் போட்டிருந்தா பெரிய கட்டை அதோட அடிப்பக்கத்துல இடிச்சு கீறல் விழும், டயர்ல காத்து கம்மியான அன்னைக்கு உடைஞ்சே போகும், அவங்க நடு சைஸ் எடுத்துட்டு, வாங்குன அன்னைக்கே கவசத்துக்குக் கீழ எத்தனை விரல் இடைவெளி நிக்குதுன்னு பாத்துட்டு, ஒத்து வரலன்னா டேப்பைப் பிரிக்காம திருப்பி அனுப்பிடுங்க, பிரிச்சுட்டா கடைக்காரன் எடுக்க மாட்டேங்கறான்.